ஆங்கில உண்டிப் பெயர்கள்

1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தை ஊன்றிப் படிப்பார்க்கு, யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் ஓர் ஐயம் தோன்றுதல் கூடும். இரவு முழுதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாது இளைத்த சீடர்கள், பொழுது புலரும் வேளையில் ஆண்டவர் கரையில் நிற்கக் காண்கின்றனர். கரிநெருப்பின்மேல் மீனும், அதனோடு அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. அவர் அவர்களை உண்ண அழைக்கின்றார். அவ்வழைப்பிற்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த வினைச்சொல் 'டைன்' என்பதாகும். 'டின்னர்' என்னும் பெயர்க்குரிய வினை அதுவே. டின்னராவது இரவு எட்டு மணிக்கு விளக்கொளியில் உண்பது என்றே நாம் கேட்டும் படித்தும் வந்திருக்கின்றோம். விடியற்காலையில் டின்னர் உண்டல் யாங்ஙனம்? மொழிபெயர்த்த பெரியோர் பிழைபட்டனரோ?

பிழைபட்டிலர். அவர்கள் காலத்தில் அச்சொல் நாளின் முற்பகுதியில் உண்ணும் உணவையே குறித்தது. கிரேக்க மூலத்திலுள்ள சொல்லும் நாளின் இரண்டு உணவுகளுள் முந்தியதைச் சுட்டுவதேயாம். 1881-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டவர்கள், டைன் என்னும் சொல்லை விலக்கி, நோன்பு விடுங்கள் என்று பொருள்படுமாறு அவ்விடத்தை மாற்றியமைத்தனர். கதை மாறவில்லை, சொல் மாறிவிட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் 'போஜனம்' என்னும் பொதுச்சொல் நிற்றலின், தமிழ் மட்டும் கற்றார்க்கு இவ்வையம் எழுவதே இல்லை. இரண்டு மொழிகளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் நம்போலியர்க்கே இத்தொல்லை.

ஆங்கிலத்தில் உண்டிப் பெயர்கள் கடிகாரத்தைப் பற்றி நிற்பன அல்ல. உண்டியின் தலைமையைப் பற்றி நிற்பன. ஒரு நாளில் ஒரு குடும்பத்தார்க்குத் தலைமையான உணவு எதுவோ, அதுவே டின்னர். அத்தலைமையுணவு மூன்று நூற்றாண்டுக் காலத்தில் முற்பகலினின்றும் இரவை நோக்கி மெல்ல மெல்ல நடந்து சென்றது. பெயரும் அதனுடன் சென்றது. நாமோ பள்ளிக்கூடத்திலேயே 'டின்னர்' என்பதற்கு ஒரு தமிழ் வேளையை முடிச்சிட்டு மனப்பாடம் செய்துகொள்கின்றோம். அம்முடிச்சை அவிழ்க்காதவரையில் ஷேக்ஸ்பியரும் விளங்கார். ஜேன் ஆஸ்டின் அம்மையாரும் விளங்கார்.

முதற்கண் இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் 'ஜெஜூனுஸ்' என்பது வெறுவயிறாயிருப்பவனைக் குறிக்கும். (வைத்திய நூல் கற்கும் நண்பர்கள் சிறுகுடலின் ஒரு பகுதியை 'ஜெஜூனம்' என்பர், பிணத்தை அறுத்துப் பார்த்தோர் அப்பகுதி வெறுமையாயிருக்கக் கண்டு அப்பெயரிட்டனர்.) அவ்வெறுவயிற்றை நீக்குதல், அதாவது நோன்பு விடுதல், என்னும் பொருளில் பிற்கால இலத்தீன் பேச்சுவழக்கில் ஒரு வினைச்சொல் எழுந்தது. அஃது ஒன்றே பிரெஞ்சு மொழியில் இரண்டாகப் பிரிந்து, 'டெழெனே' என்றும் 'டினே' என்றும் இரு சொற்களாயிற்று. பின்னதே ஆங்கிலத்தில் டின்னர் ஆனது. இனி, 'பிரேக்பாஸ்ட்' என்பதோ ஆங்கிலேயர் தம் சொந்தச் சொற்களாகிய 'பிரேக்', 'பாஸ்ட்' என்ற இரண்டையும் கூட்டிப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆக்கிக்கொண்டது. அதற்கும் பொருள் நோன்பு விடுதலே. ஆகவே, இன்று காலையில் உண்ணும் பிரேக்பாஸ்டும் இரவில் உண்ணும் டின்னரும் பிறப்பினால் ஒருபொருட் கிளவிகள்! ஒரு நாளில் இருமுறை நோன்பு விடுபவர் உலகத்தில் ஆங்கிலேயர் ஒருவரே போலும்.

பிறந்த பொருளை விட்டு டின்னர் எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கணக்கிட நமக்கு நல்ல சான்றுகள் உள. வில்லியம் ஹாரிசன் என்னும் குருவானவர் 1577-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டை வருணித்து எழுதிய நூலில் உணவு வேளைகளைத் தெளிவுறக் கூறியிருக்கின்றார். பிரபுக்களும் செல்வரும் கலாசாலை மாணவரும் முற்பகல் பதினொரு மணிக்கு டின்னரும், மாலை ஐந்து மணியளவில் சப்பரும் உண்டனர். வணிகர் பன்னிரண்டு மணிக்கு முன் உண்பது அரிது. அவர்க்கு மாலை உணவு ஆறு மணிக்கு. உழவர் உச்சிப் பொழுதில் உண்டு, இரவு ஏழு எட்டு மணிக்கு மீண்டும் உண்டனர். விடுமுறைக் காலத்தில் சர்வகலாசாலை மாணவர் பத்து மணிக்கே டின்னர் முடித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். மாணவர் பசி எந்நாட்டினும் எந்நூற்றாண்டினும் ஒன்றே என்க!

இக்கணக்கில் ஒன்று சிறப்பாக நோக்கத் தக்கது. அக்காலத்தில் மேலோர் முந்தி உண்டனர். உழைப்போர் பிந்தி உண்டனர். உழுபவனும் கடைக்காரனும் தத்தம் வேலையை முடித்தல்லது உண்ண இயலாது. செல்வனுக்கோ காத்திருக்கவேண்டிய கடமை இல்லை. பிற்காலத்தில் இது முற்றும் தலைகீழாயிற்று. மேலோர் பிந்தி உண்பதும், உழைப்போர் முந்தி உண்பதும் வழக்கமாயின.

ஷேக்ஸ்பியர் இயற்றிய 'பிழைகளின் இன்பியல்' என்னும் நாடகத்தில், வேலைக்காரன் ஒருவன் தன் எஜமானனைத் தேடி ஓடிவந்து, மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, இறைச்சி தீய்கின்றது, டின்னருக்கு வாரும் என்று கடைத்தெருவில் நின்று கதறுகின்றான். அவன் அழைப்பது எஜமானனை அன்று, அவனையொத்த இரட்டைப் பிறவியையே என்பதும், பின் உண்மையான கணவன் தன் வீட்டு வாயிலிலேயே தடுக்கப்பட்டு நிற்பதும் அக்கதையின் உயிர்நிலை. இவை யாவும் பட்டப் பகலில், ஊரார் கண்முன் நிகழ்வன. டின்னர் என்றவுடன் இரவை நினைத்துக்கொள்பவன், கணவன் இருட்டில் நின்று கதவு தட்டுவதாகக் கற்பனை செய்வான். அண்டை அயலார் பார்த்து நகைப்பரே என்று அக்கணவன் அடையும் வெட்கம் அவனுக்கு விளங்காது. ஒரு சொல்லின் வேளை பிழைத்தால் ஒரு காட்சியின் சுவையே கெடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பதினெட்டாம் நூற்றாண்டில் டின்னர் பிற்பகலிற் புகுந்தது. ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1798-ஆம் ஆண்டில் தம் தமக்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் வீட்டில் மூன்றரை மணிக்கு டின்னர் உண்பதாகக் குறிக்கின்றார். பத்தாண்டு கழித்து, 1808-ஆம் ஆண்டில் எழுதிய மற்றொரு கடிதத்தில், ஐந்து மணிக்கு முன் தாம் உண்பதே இல்லை என்கின்றார். ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறையில், ஒன்றரை மணி நேரம் நகர்ந்துவிட்டது! 1813-இல் வெளிவந்த அவருடைய 'பிரைட் அண்டு ப்ரெஜுடிஸ்' என்னும் நவீனத்திலோ, செல்வச் செருக்கு மிக்க பிங்லி வீட்டார் ஆறரை மணிக்கு உண்கின்றனர். கதையைப் படிக்கும் அக்காலத்தார்க்கு அம்மணிக்கணக்கு ஒன்றே போதும். அவ்வீட்டார் நாகரிகத்தில் எப்படி முந்த விரும்பினர் என்பதை அவர்கள் உடனே உணர்ந்திருப்பர். நமக்கு உரையாசிரியர் வேண்டியிருக்கின்றது.

டின்னரோடு வேறொரு சொல்லும் இழுபட்டுச் சென்றது. 'மார்னிங்' என்பது டின்னர்க்கு முற்பட்ட பொழுது முழுதையும் குறித்தது. ஆகலின் டின்னர் பிற்பகலுக்குச் சென்றபோது மார்னிங்கும் நீண்டுவிட்டது. அக்கால நவீனங்களில் சீமாட்டிகள் ஒருவரை ஒருவர் காண்பதற்குச் செல்லும் 'காலை வருகைகள்' பெரும்பாலும் நம் கணக்கில் நண்பகலுக்குப் பிற்பட்டவை. பிரெஞ்சு மொழியில் காலை என்று பொருள்படும் சொல்லடியாகப் பிறந்த 'மேட்டினி' பிற்பகற் காட்சிக்குப் பெயரானதும் இவ்வகையினதே. நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளில் இரண்டரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை நாம் மேட்டினி என்று கூறுங்கால், அதனைக் காலை என்றே அழைக்கின்றோம் என்பதை யார் நினைக்கின்றார்?

டின்னர் பின்னோக்கிச் செல்லச் செல்லப் பகலில் ஒரு பள்ளம் விழுந்தது. அதனை நிரப்ப எழுந்ததே 'லஞ்ச்'. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல் ரொட்டியிலோ இறைச்சியிலோ வெட்டிய தடித்த துண்டிற்கே பெயராயிருந்தது. டாக்டர் ஜான்சன் 1755-இல் தம் அகராதியில் லஞ்ச் அல்லது லஞ்சன் என்பதற்கு ஒரு கை கொள்ளுமளவு உணவு என்று பொருள் வரைந்தார். கவனிக்க: அவர் அளவைக் கூறினாரேயன்றி வேளையைக் கூறவில்லை. ஏனெனில் அக்காலத்தில் அதற்கு வேளை இல்லை. பசித்தபோது கையிலெடுத்துக் கடிக்கும் துண்டு, இன்று மேசை விரிப்பும் அழைப்பிதழும் உடைய விருந்தாகிவிட்டது.

லஞ்சனுக்கு இணையாக 'நன்சன்' என்றொரு பழஞ்சொல் இருந்தது. ஆஸ்டின் அம்மையார் 1811-ஆம் ஆண்டு நவீனத்தில் வழிப்போக்கன் ஒருவன் சத்திரத்தில் உண்பதைக் குறிக்க அதனை ஆள்கின்றார். 'நூன்' என்பதனோடு, பானம் ஊற்றுதலைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று சேர்ந்து அஃது ஆயிற்று. இந்த 'நூன்' தானும் ஒரு பயணி. ஆனால் எதிர்த்திசைப் பயணி. இலத்தீனில் 'நோனா' என்பது ஒன்பதாம் மணி, அஃதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணியளவு. அவ்வேளையில் மடத்துத் துறவியர் ஜெபம் செய்தனர். நோன்பு நாட்களில் அந்த ஜெபம் முடிந்த பின்னரே உண்டனர். ஜெபவேளை சிறிது சிறிதாக முன்னுக்கு வந்து, பதினான்காம் நூற்றாண்டிற்குள் நூன் என்பது உச்சிப்பொழுதின் பெயராய் நிலைத்துவிட்டது. துறவியரின் பசியே இதற்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். பசித்தவன் ஜெபவேளையை முன்னுக்கு இழுத்தான். பசியில்லாதவன் உணவு வேளையைப் பின்னுக்குத் தள்ளினான்.

டின்னர் ஏன் பின்னுக்குச் சென்றது என்னும் வினாவிற்கு ஒரு விடை போதாது. மெழுகுவர்த்தி விலைமிக்க பொருளாயிருந்த காலத்தில் சூரிய வெளிச்சத்திலேயே உண்டு முடிப்பது அறிவுடைமை. செல்வம் மிகுந்தவன் இருட்டிய பின்னும் பல விளக்கு ஏற்றி உண்டான். அவ்வாறு உண்பதே அவனது செல்வத்திற்கு விளம்பரமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் காஸ் விளக்கு வந்தபின் இரவு இன்னும் அகன்றது. வியாபாரத் தலங்களிலும் நீதிமன்றங்களிலும் பணிபுரிவோர் நகர்ப்புறத்தே வீடு கட்டிக்கொண்டு, நாள்தோறும் போக்குவரவு செய்யத் தொடங்கியபோது, பகலில் வீடு திரும்பி உண்பது இயலாதாயிற்று. ஆயினும் இவற்றினும் வலியது பிறரைப் பார்த்துச் செய்யும் ஆசையே என்பது என் கருத்து. நடுத்தர மக்கள் நான்கு மணியைப் பிடித்தபோது மேலோர் ஆறு மணிக்குச் சென்றுவிட்டனர். இவர்கள் ஆறு மணியை எட்டியபோது அவர்கள் எட்டு மணியில் இருந்தனர். நிழலைத் துரத்துவது போன்ற இவ்வோட்டத்தில் மதிய உணவிற்கும் இராவுணவிற்கும் இடையே பெரியதோர் இடைவெளி நேர்ந்தது; 1840-ஆம் ஆண்டை அடுத்து, பெட்போர்டுக் கோமாட்டி ஆனா அம்மையார் பிற்பகலில் தேயிலைப் பானமும் சிற்றுண்டியும் அருந்தும் வழக்கத்தைப் பரப்பினார் என்பர்.

இந்நடை ஆங்கிலத்திற்கே உரிய விந்தை என்று எண்ணற்க. கிரேக்கரிடத்தும் இதுவே நிகழ்ந்தது. ஹோமர் காலத்தில் 'அரிஸ்டான்' காலை உணவு. 'டெய்ப்னான்' பகலில் உண்ணும் பேருணவு. 'டோர்ப்பான்' மாலை உணவு. பிற்காலத்து ஏதென்ஸ் நகரத்தார் டெய்ப்னானை மாலைக்குத் தள்ளினர். அரிஸ்டான் நண்பகலுக்கு வந்தது. டோர்ப்பான் வழக்கு வீழ்ந்தது. காலைப் பொழுதிற்கு வேறொரு பெயர் தேடவேண்டியதாயிற்று. உரோமரும் அவ்வாறே. அவர்களுடைய 'கேனா' முதலில் நண்பகல் உணவு; பின்னர் மாலைக்குச் சென்று, அங்கிருந்த 'வெஸ்பெர்னா' என்னும் பழம்பெயரை ஒழித்தது. மூன்று மொழிகளில், மூன்று காலங்களில், தலைமையுணவு ஒரே திசையில் நடந்து, வழியில் நின்ற எளிய பெயரை மிதித்துச் சென்றிருக்கின்றது.

ஆனால் ஆங்கில நாட்டில் எல்லோரும் அவ்வோட்டத்தில் ஓடினார் அல்லர். வடபகுதித் தொழிலாளர் குடும்பங்களில் நண்பகல் உணவே டின்னராக நிலைத்தது. வேலை முடிந்து திரும்பியபின் ஐந்து ஆறு மணிக்கு இறைச்சி, ரொட்டி முதலியவற்றுடன் உண்ணும் உணவிற்கு 'டீ' என்றே பெயர். அதனை 'ஹை டீ' என்றும் கூறுவர். 'ஹை' என்னும் அடையைக் கண்டு அது பிரபுக்களின் விருந்து என்று மயங்குவார் பலர். உண்மையில் அஃது உழைப்பாளியின் வயிறு நிறைக்கும் உணவு. 1906-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகட்கு உணவளிக்கச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர்ப் பள்ளிகளிற் பரவிய நண்பகல் உணவு இன்றும் 'ஸ்கூல் டின்னர்' என்றே வழங்குகின்றது. கிறிஸ்துமஸ் டின்னரும் பெரும்பாலும் பகலிலேயே உண்ணப்படுகின்றது. பழைய வழக்கங்கள் ஏழையின் வீட்டிலும், பள்ளிக்கூடத்திலும், திருநாளிலும் ஒளிந்து வாழும் என்பதை மொழிநூல் கற்பார் மறவாதிருக்க வேண்டும்.

1954-ஆம் ஆண்டில் ஆலன் ராஸ் என்னும் பேராசிரியர், ஆங்கிலேயரின் குலத்தையும் தரத்தையும் அவர் வாய்ச்சொற்களே காட்டிக்கொடுக்கும் என்று ஒரு கட்டுரை வரைந்தார். நண்பகல் உணவை லஞ்ச் என்பவன் மேல்வகுப்பினன், டின்னர் என்பவன் அல்லன் என்பது அவர் காட்டிய அடையாளங்களுள் ஒன்று. அதனைப் படித்த நடுத்தர மக்கள் பலர் தம் நாவைத் திருத்திக்கொள்ள முற்பட்டனராம். நகைப்பிற்கிடமான செயல், எனினும் வருந்தற்குரியதும்கூட. தாய் தந்தையர் வழங்கிய சொல்லை வாயிலெடுக்க ஒருவன் நாணுவானாயின், அச்சொல்லில் என்ன குற்றம் உளது? மூன்று நூற்றாண்டிற்கு முன் அரசன் முதல் அடிமை ஈறாக எல்லோரும் நண்பகலில் டின்னரே உண்டனர். புதியது லஞ்சே.

இனிச் 'சப்பர்' என்பதைக் காண்போம். இதுவும் பிரெஞ்சு வழியாக வந்தது. ரொட்டியைக் குழம்பிலோ மதுவிலோ தோய்த்து உண்ணும் துண்டு 'சாப்' எனப்படும், அக்குழம்பே 'சூப்'. அவ்வாறு தோய்த்துண்ணும் எளிய மாலையுணவே சப்பர். நாம் இராப்போஜனம் என்று வணக்கத்துடன் வழங்குவதை ஆங்கிலர் சப்பர் என்கின்றனர் என்பது யாவரும் அறிந்தது. யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்தச் சப்பரில் ஆண்டவர் தோய்த்து யூதாசுக்குக் கொடுத்த துணிக்கைக்கு, 1611-ஆம் ஆண்டு ஆங்கிலம் 'சாப்' என்ற சொல்லையே இட்டிருக்கின்றது. ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் இரண்டும் ஒரு மேசையருகே சந்திக்கின்றன. ஆயினும் இவ்வுறவு ஆங்கிலத்திற்கே உரியது. கிரேக்க மூலத்தில் அவ்விரு சொற்கட்கும் தொடர்பில்லை. ஆதலின் இதன்மேல் பிரசங்கம் எழுப்புவார் மணல்மேல் வீடு கட்டியவரே ஆவர்.

வேதாகமத்தை விட்டு நீங்குமுன் 'மீட்' என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். இன்று அஃது இறைச்சி. பழைய ஆங்கிலத்திலோ அஃது உணவு என்னும் பொதுப்பொருள் உடையது; இனிப்புப் பண்டத்தை 'ஸ்வீட்மீட்' என்பதில் அப்பழம் பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. ஆதியாகமம் முதலதிகாரத்தில் பூண்டும் கனியும் மனிதர்க்கு உணவாகும் என்று கூறுமிடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது 'மீட்'. லேவியராகமத்தில் மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும் கொண்டு படைக்கும் காணிக்கைக்கு ஆங்கிலத்தில் 'மீட்' காணிக்கை என்று பெயர். அதில் ஓர் இம்மி இறைச்சியும் இல்லை! பிற்காலத்து ஆங்கிலர் இதனைக் கண்டு மயங்கியமையால், திருத்திய பதிப்பினர் அதனை மாற்றி 'மீல்' காணிக்கை என்று எழுதினர். தமிழர்க்கு அத்தொல்லை இல்லை. 'போஜனபலி' என்று அன்று பெயர்த்தவர் வைத்த சொல் இன்றளவும் பொருள் திரியாமல் நிற்கின்றது. தமிழ் வேதாகமத்தின் நடையைக் குறைகூறுவார் பலர். அவர் இவ்விடத்தை ஒருமுறை சீர்தூக்கிப் பார்ப்பாராக.

மாடு உயிரோடிருக்கும்போது ஆங்கிலச் சொல்லாலும், சமைத்தபின் பிரெஞ்சுச் சொல்லாலும் வழங்கும் விந்தையை நம் வகுப்புக்களில் அடிக்கடி கேட்கின்றோம். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், மேய்த்தவன் ஆங்கிலன், தின்றவன் நார்மானியன் என்று அதற்குக் காரணம் கூறுவர். ஸர் வால்ட்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ' என்னும் நவீனத்தில் விதூஷகன் வாயில் வைத்து அதனை உலகறியச் செய்தார். அழகிய கதைதான், ஆனால் முழுவுண்மை அன்று. வென்றவர் இறங்கிச் சில நூற்றாண்டுகள் கழித்தும் 'பீப்', 'மட்டன்' என்னும் சொற்கள் உயிருள்ள விலங்குகளையும் குறித்தன. 1611-ஆம் ஆண்டு லேவியராகமத்திலேயே பலியிடக் கொண்டுவரும் மாடுகள் 'பீவ்ஸ்' எனப்படுகின்றன. இன்றைய தெளிவான பாகுபாடு பிற்காலத்தில் அமைந்தது.

உண்ணுதல் என்னும் வினையில் ஆங்கிலம் நம்மினும் வறியது. 'ஈட்' என்னும் ஒன்றே பெரும்பான்மையும் எல்லா வேலையையும் செய்கின்றது. தட்டிலிட்டுக் கரண்டியால் அள்ளும் சூப்பையும் அவர்கள் 'ஈட்' செய்கின்றனர். நம்மவரோ உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகை வகுத்தனர். தொல்காப்பியனார் கிளவியாக்கத்துள், வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைத் தன்னகத்தே அடக்கிய பொதுப்பெயரை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தலாகாது என்று விதித்தார். அடிசில் என்பதில் நால்வகையும் அடங்குதலின் 'அடிசில் அயின்றார்' என்க, 'தின்றார்' என்னற்க என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். எனினும் ஈட் என்னும் எளிய வேரினின்று ஆங்கிலம் இரண்டு அரிய கிளைகளை வளர்த்துள்ளது. முற்றத் தின்றுவிடுதல் என்னும் பழம்பொருளுடைய 'ப்ரெட்' இன்று மனக்கவலையால் நைதலைக் குறிக்கும். கவலை அரிக்கின்றது என்று நாம் கூறுவதும் அதுவே. செப்புத் தகட்டில் திராவகத்தால் சித்திரம் வரைதலைக் குறிக்கும் 'எட்ச்' என்பது, உண்ணச் செய்தல் என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல்லினின்று வந்தது. திராவகத்திற்குத் தகட்டை ஊட்டுகின்றனர் போலும்.

நம் நாட்டினின்று ஆங்கிலர் மேசைக்குச் சென்ற சொற்கள் சில உள. கறி, கஞ்சி, மிளகுத்தண்ணீர் ஆகியவை சிதைந்த வடிவில் அவர் அகராதியில் ஏறியிருப்பதைப் பலரும் எழுதியுள்ளார், ஈண்டு விரிக்கவில்லை. எதிர்வழியில் வந்து நம்மிடமே தங்கிவிட்ட 'டிபன்' இவற்றினும் சுவையுடையது. அது தமிழ் அன்று, இந்துஸ்தானியும் அன்று. பிரான்ஸிஸ் க்ரோஸ் என்பவர் 1785-இல் வெளியிட்ட கொச்சைச் சொல்லகராதியில், உணவு வேளை அல்லாத வேளையில் உண்பதையும் குடிப்பதையும் 'டிபிங்' என்று குறித்திருக்கின்றார். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் அகராதி, டிபன் அதனின்று பிறந்ததென்று கருதுகின்றது. அவருள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்தவர். அரண்மனைப் புத்தகசாலையின் வடமொழிச் சுவடிகட்கு அட்டவணை செய்தவர். தம் அகராதி அச்சேறுமுன் 1882-இல் காலமானார். இந்தியாவிலிருந்த ஆங்கிலர்க்கு டிபன் நண்பகல் உணவாயிருந்தது. அவர் தாய்நாட்டில் லஞ்ச் செய்த வேலையை இங்கே அது செய்தது. அவர்கள் சென்றபின் அது நம்மவர் கையில் மீண்டும் இடம்பெயர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் காலையிலும் மாலையிலும் உண்ணும் இட்டிலி, தோசை, உப்புமா முதலியனவே டிபன். தான் பிறந்து வளர்ந்த நண்பகலை மட்டும் அது முற்றும் விட்டுவிட்டது.

அந்நண்பகலை இப்பொழுது வகிப்பது 'மீல்ஸ்'. ஆங்கிலத்தில் 'மீல்' எவ்வேளை உணவிற்கும் பொது. நம் உணவுச்சாலைகளிலோ சோறும் குழம்பும் கூட்டும் கூடியது ஒன்றே மீல்ஸ். பத்து இட்டிலி உண்டவனும் மீல்ஸ் உண்டவன் ஆகான். பன்மை விகுதியை நீக்காமலே 'ஒரு மீல்ஸ்' என்கின்றோம். இலக்கணம் கற்ற ஆங்கிலர் கேட்டால் நடுங்குவர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அளவு என்றும், குறித்த வேளை என்றும் பொருள். மாவு என்னும் பொருளுடைய 'மீல்' வேறு. மேற்கூறிய காணிக்கையின் புதுப்பெயரில் நிற்பது அதுவே. அது அரைத்தல் என்னும் வேரினின்று வந்தது. உணவைக் குறிக்கும் 'மீல்' அளத்தல் என்னும் வேரினது. வடமொழி 'மாத்திரை'யும் அவ்வேரைச் சார்ந்ததே. சிறிது சிறிதாகச் செய்தலை ஆங்கிலர் 'பீஸ்மீல்' என்பதில் அவ்வளவுப் பொருள் இன்றும் காணலாம். நம் கடைத்தெருக்களில் உணவுச்சாலை வாயிலிலே ஒரே பலகையில் 'மீல்ஸ்' என்றும் 'அளவுச் சாப்பாடு' என்றும் அருகருகே எழுதியிருப்பதைக் காண்கின்றோம். எழுதியவர் சொன்னூல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் தீட்டிய தமிழில் அவ்வாங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் அப்படியே அமர்ந்திருக்கின்றது.